வெட்டுப்புள்ளியின் நிழலில் பல்கலைக்கழகத் தெரிவு: கொடிகாமத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. வினாவும் அதன் எல்லையும்

க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளிவந்த கையோடு வடக்கின் வீடுகளில் ஒரே வினா எழும்: எந்தப் பல்கலைக்கழகத்தை முதலாவதாகப் போடுவது? பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூல் ஒரு பக்கம், சென்ற ஆண்டின் மாவட்ட வெட்டுப்புள்ளி அட்டவணை மறுபக்கம். பிள்ளையின் இசட் புள்ளி அந்த அட்டவணையில் எங்கே விழுகிறது என்று பார்க்கிறார்கள். அதற்குச் சற்று மேலே உள்ளவற்றை ஆசைக்கும், கீழே உள்ளவற்றை நிச்சயத்துக்கும் அடுக்குகிறார்கள். கொடிகாமத்தில் இந்த அடுக்கலுக்குத் துணைநிற்பவர் பெரும்பாலும் ரியூசன் ஆசிரியர். அல்லது முன்னரே கம்பசுக்கு எடுபட்ட அயல்வீட்டுப் பிள்ளை.

இலங்கையில் அரச பல்கலைக்கழக அனுமதி முழுவதும் மத்தியில் நடக்கிறது. ஒரு கற்கைநெறியும் அதை நடத்தும் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு குறியீடாகின்றன. மாணவர் அக்குறியீடுகளை விருப்ப வரிசையில் எழுதுகிறார். எஞ்சியதை இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் தீர்மானிக்கின்றன. பல்கலைக்கழகம் மாணவரை நேர்முகம் காண்பதில்லை. சில கற்கைநெறிகளுக்கான உளச்சார்புப் பரீட்சையைத் தவிர, மாணவரும் பல்கலைக்கழகமும் ஒருவரையொருவர் அறியாமலே இணைக்கப்படுகிறார்கள். ஆகவே தெரிவு என்று சொல்லத்தக்கது அந்த வரிசை மட்டுமே.

அந்த வரிசையை எழுதுவது யார், எதை அளவுகோலாக வைத்து எழுதுகிறார்கள் என்பதே இக்கட்டுரையின் வினா. வெட்டுப்புள்ளி, ஒரு பல்கலைக்கழகத்துக்குள் நுழைய எவ்வளவு வேண்டும் என்று சொல்லும் கணக்கு. யாழ்ப்பாணச் சமூகம் அதை அந்தப் பல்கலைக்கழகத்தின் பெறுமதியாகவும், அங்கே செல்லும் பிள்ளையின் பெறுமதியாகவும் வாசிக்கிறது. இந்த வாசிப்புக்கு ஆழமான வரலாற்றுக் காரணம் உண்டு. ஆயினும் அது பிள்ளைகளிடமிருந்து அவர்களுக்கு எஞ்சியிருக்கும் ஒரேயொரு உரிமையையும் எடுத்துவிடுகிறது என்பதே என் நிலைப்பாடு.

கொடிகாமத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதன் இருப்பிடம். ஏ9 வீதியில், தென்மராட்சியின் கிழக்குப் பாதியில், பருத்தித்துறை வீதி வந்து சேரும் சந்தி அது. மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீற்றரில் யாழ்ப்பாண நகர். கிழக்கே மிருசுவிலும் எழுதுமட்டுவாளும் கடந்தால் முகமாலை. அங்கே தொடங்குகிறது கிளிநொச்சி மாவட்டம். நகரப் பாடசாலைகளின் ஈர்ப்பும் மாவட்ட எல்லையின் கணக்கும் ஒரே ஊரில் வந்து முட்டுவதைப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் குடாநாட்டில் இல்லை.

2. புள்ளி புனிதமான வரலாறு

எங்கே சென்று படிப்பது என்பது யாழ்ப்பாணத்துக்கு இரண்டு நூற்றாண்டு பழைய கேள்வி. அமெரிக்க மிசனரிமார் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறி 1855இல் மூடப்பட்டது. 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக அறியப்படும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அந்தச் செமினறியில் பயின்றவர்கள். பின்னர் சென்னை, கல்கத்தா, இலண்டன் வெளிவாரிப் பட்டம் என்று வழிகள் பெருகின. அக்காலத்தில் எங்கே படிப்பது என்பதைத் தீர்மானித்தவை பணமும் உறவும் மதத் தொடர்பும். கடலைக் கடப்பது தடையாகக் கருதப்படவில்லை.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அமைந்ததும், 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்ததும் நிலையை மாற்றின. பணமில்லாதவனுக்கும் பல்கலைக்கழகக் கதவு பரீட்சைப் புள்ளியால் திறக்கும் என்றாயிற்று. நீர்வளமும் பெருங்கைத்தொழிலும் குறைந்த வடக்குக்கு இது வெறும் வாய்ப்பாக இருக்கவில்லை, வாழ்வாதாரமாக இருந்தது. அரச உத்தியோகமும் அதற்கு வழிவிடும் படிப்புமே குடும்பத்தின் முதலீடு. 1969இல் நாட்டின் சனத்தொகையில் ஏறத்தாழ 7 சதவீதத்தைக் கொண்டிருந்த வட மாகாணம் விஞ்ஞானத்துறை அனுமதிகளில் 27.5 சதவீதத்தைப் பெற்றிருந்தது. 1974இல் அது 7 சதவீதமாயிற்று.

இடையில் நடந்தது யாவரும் அறிந்ததே எனினும் அதன் படிமுறையைப் பிரித்துப் பார்ப்பது இங்கே அவசியம். 1970ஆம் ஆண்டுப் பரீட்சையின் அடிப்படையிலான அனுமதியில் மொழிமூலத்துக்கு மொழிமூலம் வெவ்வேறு தகுதிப் புள்ளிகள் வைக்கப்பட்டன. பேராதனைப் பொறியியலுக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227, தமிழ்மொழிமூல மாணவருக்கு 250. மருத்துவத்துக்கு 229உம் 250உம். 1973இல் மொழிமூலத் தரப்படுத்தல் முறையாக வந்தது. 1974இல் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலான ஒதுக்கீடு அதனுடன் சேர்ந்தது. 1977இல் ஆட்சி மாறியபின் மொழிமூலத் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. மாவட்ட ஒதுக்கீடு நிலைத்தது.

இவை இரண்டும் ஒன்றல்ல. மொழிமூலத் தரப்படுத்தல், ஒரே வினாத்தாளுக்கு ஒரே விடை எழுதிய இருவரை மொழியால் பிரித்தது. மாவட்ட ஒதுக்கீடு, வளம் குறைந்த பிரதேசத்தின் மாணவனுக்கு இடம் கொடுக்க முயன்றது. கண்டிப் பகுதிச் சிங்கள மாணவரும் கிழக்கின் முஸ்லிம் மாணவரும் மட்டுமன்றி, மன்னார், வவுனியா போன்ற மாவட்டங்களின் தமிழ் மாணவரும் அதனால் வழி பெற்றனர். சி. ஆர். டி சில்வா 1970களின் நடுப்பகுதியில் எழுதிய ஆய்வு இக்காலத் தரவுகளுக்கு இன்றும் அடிப்படையாக உள்ளது. 1980களில் சுனில் பஸ்தியன் பல்கலைக்கழக அனுமதியைத் தேசியப் பிரச்சினையுடன் இணைத்து ஆராய்ந்தார். ஆயினும் யாழ்ப்பாணத்தின் பொது நினைவில் இரண்டும் ‘தரப்படுத்தல்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிட்டன. தரப்படுத்தலை எதிர்த்து எழுந்த தமிழ் மாணவர் பேரவையின் தோற்றத்தையும் அதன்பின் வந்த அரசியலையும் அறிந்தவர்களுக்கு இந்த நினைவின் கனம் தெரியும்.

அந்த அரசியல் விளைவைப் பற்றிய எழுத்துகள் நிறைய உள்ளன. அவை தொடாத ஒரு பண்பாட்டு விளைவு எனக்கு முக்கியமாகப் படுகிறது. புள்ளியை அரசு மாற்றியமைத்தது அநீதி என்று போராடிய ஒரு சமூகம், மாற்றப்படாத புள்ளியே நீதி என்று நம்பத் தலைப்பட்டது. புள்ளி உழைப்பின் சாட்சியாயிற்று. அதை எவரும் தொடக்கூடாது, பெற்றவரும் வீணாக்கக்கூடாது. இன்று ஒரு பிள்ளை மருத்துவத்துக்குப் போதிய புள்ளி எடுத்துவிட்டு விவசாயத்தை முதலாவதாகப் போட விரும்பினால், “அந்த றிசல்ட்டுக்கு மெடிசினே வருமெல்லோ, பிறகேன் உதைப் போடுறாய்?” என்று வீடே திரண்டு கேட்கும். அந்தக் கேள்வியில் பேராசையைவிட மேலான ஒன்று இருக்கிறது. பறிக்கப்பட்டது இப்போது கையில் இருக்கிறது, அதைக் கைவிடலாமா என்ற அச்சம் அது. எழுபதுகளைக் காணாத தாய்தந்தையரிடமும் அந்த அச்சம் வந்து சேர்ந்திருக்கிறது.

3. மாவட்டம் என்னும் அலகு

இன்றைய பொது விதிப்படி பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகை விகிதப்படியும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. அந்தப் பதினாறில் யாழ்ப்பாணமும் ஒன்று. 1974இல் முன்னேறிய மாவட்டமாகக் கருதப்பட்டு இடங்களை இழந்த யாழ்ப்பாணம், இன்றைய பட்டியலில் பின்தங்கிய மாவட்டமாக இடம்பெறுவதை அரை நூற்றாண்டின் சரிவுக் கணக்காகவே படிக்கிறேன்.

தென்மராட்சிக்கு அந்தச் சரிவு இரட்டிப்பானது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெயர்ந்து வந்தபோது அவர்களைத் தாங்கிய நிலம் இது. 2000ஆம் ஆண்டு ஆனையிறவு வீழ்ந்தபின் போர் தென்மராட்சிக்குள் நகர்ந்து, சாவகச்சேரி தரைமட்டமாகி, இங்குள்ளவர்களே பெயரவேண்டி வந்தது. அந்த ஆண்டுகளில் உயர்தரம் படித்திருக்க வேண்டியவர்களின் பிள்ளைகள் இன்று உயர்தர வகுப்பில் இருக்கிறார்கள்.

மாவட்டம் என்ற அலகு தனக்குள் உள்ள இத்தகைய வேறுபாட்டைக் காண்பதில்லை. யாழ்ப்பாண மாவட்டத்துக்கு ஒரே வெட்டுப்புள்ளி. நகரின் பெரிய கல்லூரிகளில் படித்தவருக்கும், கொடிகாமம் திருநாவுக்கரசு மகா வித்தியாலயத்திலோ உசன் இராமநாதன் மகா வித்தியாலயத்திலோ வரணியிலோ படித்தவருக்கும் அதே எண். இசட் புள்ளி இதைச் சரிசெய்யும் என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறான எதிர்பார்ப்பு. 2001ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து நடைமுறைக்கு வந்த அம்முறை, ஒரு பாடத்தில் ஒருவர் பெற்ற புள்ளி அப்பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை நியம விலகலால் வகுத்துச் சொல்கிறது. பௌதிகவியல் கடினமாகவும் உயிரியல் இலகுவாகவும் அமைந்த ஆண்டில் இரண்டையும் ஒப்பிடத்தக்கதாக்குவது அதன் பணி. பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலையையும் இருவர் உள்ள பாடசாலையையும் ஒப்பிடத்தக்கதாக்குவது அதன் பணியல்ல.

இன்னொரு கணக்கு கிழக்கே தொடங்குகிறது. கிளிநொச்சி மாவட்டம் 1984இல் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதற்கு முன் பளையும் கொடிகாமமும் ஒரே மாவட்டம். இன்று ஏறத்தாழ பதினைந்து கிலோமீற்றர் தள்ளியுள்ள பளையில் படிக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலான துறைகளில் குறைந்த வெட்டுப்புள்ளி போதும். பரீட்சைக்கு முன்னான மூன்று ஆண்டுகளில் படித்த பாடசாலையே மாவட்டத்தைத் தீர்மானிக்கும் என்ற விதி இருப்பதால், கடைசி நேரத்தில் எல்லை தாண்டுவது பயன்தராது. ஆனால் பத்தாம் பதினோராம் வகுப்பிலேயே இதை எண்ணிப் பார்க்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களைக் குறைசொல்ல என்னால் முடியாது. ஒரு நிர்வாகக் கோடு வாய்ப்பைப் பிரிக்கும் இடத்தில் அந்தக் கோட்டைக் கூர்ந்து பார்ப்பது இயல்பு.

மாவட்ட ஒதுக்கீட்டை ஒழிக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் முடிவா? யாழ்ப்பாண நகரிலும் கொழும்பிலும் இதை உரத்துச் சொல்வோர் உளர். நான் உடன்படவில்லை. முழுவதும் திறமை வரிசையென்றால் கொழும்பின் சில பாடசாலைகளும் யாழ் நகரின் சில பாடசாலைகளும் நிரப்பிய பின் எஞ்சுவது கொஞ்சம்; அந்த எஞ்சலில் தென்மராட்சியும் இராது. சிக்கல் ஒதுக்கீடு இருப்பதில் இல்லை, அதன் அலகு பெரிதாயிருப்பதில் இருக்கிறது. வேறிடங்களில் அலகைச் சிறிதாக்கிப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் 1997இல் இயற்றிய சட்டம், ஒவ்வொரு உயர்பாடசாலையிலும் முதல் பத்து சதவீதத்தில் வருவோருக்கு அரச பல்கலைக்கழக அனுமதியை உறுதிசெய்தது. தமிழ்நாடு 2020இல் மருத்துவ இடங்களில் 7.5 சதவீதத்தை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்வில் தகுதி பெற்றவர்களுக்கு ஒதுக்கியது. அடுத்த ஆண்டு பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் அதை விரித்தது. இரண்டிலும் அலகு பாடசாலை. கொடிகாமத்துப் பிள்ளையின் குறைபாடு பாடசாலையில் தொடங்குவதால், ஈடும் பாடசாலையை நோக்கியே அளக்கப்பட வேண்டும் என்ற வாதத்துக்கு இவை வலுச்சேர்க்கின்றன.

4. தெரிவு உண்மையில் நிகழும் வயது

பல்கலைக்கழகத் தெரிவு பதினெட்டு, பத்தொன்பது வயதில் நிகழ்வதாகவே பேசப்படுகிறது. நடைமுறையில் அதன் பெரும்பகுதி பதினாறில் முடிந்துவிடுகிறது. சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் கணிதம், உயிரியல், வர்த்தகம், கலை, தொழில்நுட்பம் என்று பிரிவைத் தேர்ந்த கணத்தில் கைந்நூலின் முக்காற்பங்கு மூடப்படுகிறது. உயிரியல் பிரிவுக்குச் சென்றவருக்கு மொரட்டுவையின் பொறியியல் இனி இல்லை. கலைப் பிரிவுக்குச் சென்றவருக்கு மருத்துவம் இல்லை.

பதினாறு வயதில் பிரிவைத் தீர்மானிப்பது பிள்ளையின் நாட்டமா? கிராமப்புறத்தில் பல தடவைகள் அது பாடசாலையின் வகை. இலங்கைப் பாடசாலைகளில் 1ஏபி வகைப் பாடசாலைகளிலேயே உயர்தர விஞ்ஞானப் பிரிவு உண்டு. 1சி வகையில் கலையும் வர்த்தகமும் மட்டும். விஞ்ஞானம் படிக்க விரும்பும் கிராமத்துப் பிள்ளை ஒன்றில் பாடசாலை மாற வேண்டும், அல்லது விருப்பத்தை மாற்ற வேண்டும். தென்மராட்சிக்குள் சாவகச்சேரி இந்துக் கல்லூரியும் டிறிபேர்க் கல்லூரியும் பலருக்குத் தஞ்சம். வசதியுள்ளவர்கள் நகருக்கே அனுப்புகிறார்கள். விஞ்ஞானப் பிரிவு இருக்கும் இடத்திலும் ஆசிரியர் இருப்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை. ரியூசன் அந்த வெற்றிடத்தை நிரப்புகிறது. விடியற்காலை ஏ9 வீதியில் யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் பஸ்களிலும், மாலையில் திரும்பும் பஸ்களிலும் இந்தச் சமநிலையின்மையின் கூலியை வெள்ளைச் சீருடையில் காணலாம். நாளொன்றுக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் வீதியில் போகும் பிள்ளைக்கும், பாடசாலைக்கும் ரியூசனுக்கும் சைக்கிளில் போய்வரும் நகரத்துப் பிள்ளைக்கும் ஒரே வெட்டுப்புள்ளி என்பதை இங்கே மீண்டும் நினைவுகொள்ள வேண்டும்.

கலைப் பிரிவைப் பற்றி ஒரு சொல். எங்கள் பாடசாலைகளில் அது எஞ்சியவர்களின் பிரிவாக நடத்தப்படுகிறது. கணிதமும் உயிரியலும் கிடைக்காதவர்களுக்கே கலை என்ற எண்ணம் ஆசிரியரிடமும் வேரூன்றியிருக்கிறது. பேராசிரியர்கள் கைலாசபதி, வித்தியானந்தன், சிவத்தம்பி ஆகியோரை ஊர் பெருமையுடன் சொல்கிறது. அவர்கள் மூவரும் தமிழ் படித்தவர்கள். அதே ஊர் தன் பிள்ளை தமிழைச் சிறப்புப் பாடமாகப் படிக்க விரும்பினால் கவலைப்படுகிறது.

5. வெட்டுப்புள்ளி எதை அளக்கிறது?

கணிதப் பிரிவில் நல்ல புள்ளி பெற்ற ஒரு பிள்ளைக்கு முன் மொரட்டுவை, பேராதனை, ருகுணு, யாழ்ப்பாணம், தென்கிழக்கு, ஸ்ரீ ஜயவர்த்தனபுர ஆகிய பல்கலைக்கழகங்களின் பொறியியல் பீடங்கள் இருக்கின்றன. வரிசை ஏறக்குறைய எழுதாத சட்டம்: மொரட்டுவை முதலாவது, பேராதனை அடுத்தது, எஞ்சியவை பின்னால். காரணம் கேட்டால் வெட்டுப்புள்ளியைச் சுட்டுவார்கள். மொரட்டுவையின் வெட்டுப்புள்ளி ஏன் உயர்ந்தது? அதிக புள்ளி பெற்றவர்கள் அதை முதலில் போட்டதால். ஏன் முதலில் போட்டார்கள்? வெட்டுப்புள்ளி உயர்ந்திருந்ததால். இந்த வட்டத்துக்குள் கற்பித்தல் பற்றியோ ஆய்வுகூடங்கள் பற்றியோ மாணவருக்கு விரிவுரையாளர் எத்தனை பேர் என்பது பற்றியோ ஒரு சொல்லும் நுழைவதில்லை.

வட்டம் முழுவதும் வெறுமையானது என்று சொல்வது நேர்மையாகாது. கட்டுபெத்தையின் தொழில்நுட்பக் கல்லூரியிலிருந்து வளர்ந்த மொரட்டுவைக்கும், 1952இல் இயங்கத் தொடங்கிய பேராதனைக்கும் நீண்ட மரபும் தொழிலுலகில் பரந்த முன்னாள் மாணவர் வலையும் இருக்கின்றன. மொரட்டுவை கொழும்பை அண்டியிருப்பதால் அங்கே பயிற்சியும் வேலையும் அருகில் கிடைக்கின்றன. சிறந்த சகமாணவர்களிடையே படிப்பதும் ஒரு கல்வி. இவையெல்லாம் உண்மையான காரணங்கள். ஆனால் இவற்றைக் காரணமாகச் சொல்லித் தெரிவுசெய்பவர் வேறு, எண்ணைப் பார்த்துத் தெரிவுசெய்பவர் வேறு. முன்னவர் தமக்கு அவை தேவையா என்று கேட்டிருப்பார்.

இந்த இடத்தில் முறைமையின் ஓர் இயல்பைத் தெளிவுபடுத்த வேண்டும். எங்கள் ஊர்களில் நிலவும் ஒரு தப்பபிப்பிராயம் பிள்ளைகளைப் பாதிக்கிறது. கிடைக்காததை மேலே போட்டால் கிடைக்கக்கூடியதும் கைவிட்டுப்போகும் என்று பலர் நம்புகின்றனர். டேவிட் கேல், லொயிட் ஷப்லி என்ற இரு கணிதவியலாளர் 1962இல் கல்லூரி அனுமதியையே உதாரணமாகக் கொண்டு இத்தகைய இணைப்பு முறைகளை ஆராய்ந்தனர். அத்துறையின் பணிக்காக ஷப்லிக்கும் அல்வின் றொத்துக்கும் 2012இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஒரே புள்ளி வரிசைப்படி மாணவர் ஒவ்வொருவராக எடுக்கப்பட்டு, எஞ்சியுள்ளவற்றில் அவர் மேலாக விரும்பியது கொடுக்கப்படும் முறையில், உண்மையான விருப்பத்தை உள்ளபடி எழுதுவதே எப்போதும் நன்று என்பது அத்துறையின் அடிப்படை முடிவுகளில் ஒன்று. இலங்கை முறை, ஒதுக்கீடுகளைச் சேர்த்துக்கொண்டாலும், அடிப்படையில் இவ்வகையினதே. உயர்ந்ததை முதலாவதாகப் போட்டதனால் மூன்றாவதாகப் போட்டதில் உள்ள உரிமை குறையாது. மறுதலையாக, விரும்பாத ஒன்றைக் கௌரவத்துக்காக மேலே போட்டு அது கிடைத்துவிட்டால், கீழே இருந்த விரும்பியது போய்விடும். ஒருமுறை பதிவுசெய்தவர் பின்னர் மாறுவதை விதிகள் இறுகக் கட்டுப்படுத்துகின்றன. ஆக, இந்த முறையில் தண்டிக்கப்படுபவர் தன் விருப்பத்தை மறைத்து எழுதியவர் மட்டுமே.

6. அருகும் தொலைவும்

1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திருநெல்வேலியில், பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் நிலத்தில், கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு தொடங்கியது. தமிழ்ப் பல்கலைக்கழகம் திருகோணமலையில் அமைய வேண்டும் என்ற கோரிக்கை வலுவாக இருந்த காலம் அது. தரப்படுத்தலின் காயமும் பச்சையாக இருந்தது. அந்த வளாகம் ஈடாகத் தரப்பட்டதா, திசைதிருப்பத் தரப்பட்டதா என்ற வாதம் அப்போதே எழுந்தது. ஐம்பது ஆண்டின் பின் எண்ணிப் பார்க்கையில், போர் பாதைகளை மூடிய காலத்தில் ஒரு தலைமுறையின் உயர்கல்வியைக் காத்தது அந்த வளாகமே என்பதை எந்தத் தரப்பினரும் மறுக்க முடியாது.

1990களில் பேராதனைக்கோ கொழும்புக்கோ எடுபட்ட குடாநாட்டுப் பிள்ளை கிளாலிக் கடனீரேரியை இரவில் படகில் கடந்தான். பின்னர் திருகோணமலைக்குப் போகும் கப்பலுக்காகக் காத்திருந்தான். கிளாலி கொடிகாமத்துக்கு அயலில் உள்ள கரை. அந்தப் பயணத்தில் போனவர்களும் திரும்பாதவர்களும் இங்குள்ளோரின் நினைவில் இருக்கிறார்கள். 2002இல் ஏ9 திறந்தது, 2006இல் மூடியது, 2009இன் பின் நிலைத்தது. 2014இல் ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடியது. கொடிகாமம் நிலையத்தில் ஏறிக் கொழும்பில் இறங்கலாம் என்றாயிற்று. தூரம் குறைந்த அளவுக்கு அச்சம் குறையவில்லை. அதற்கு நியாயமும் உண்டு. மொழி தெரியாத ஊர், விடுதிக்கு வெளியே வாடகை அறை, 1998இல் தடைச்சட்டம் வந்தும் ஒழியாத பகிடிவதை, மகாபொல உதவிப்பணம் தாங்காத விலைவாசி. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் இக்கடைசிக் காரணமே பல வீடுகளில் முதற்காரணமாயிருக்கிறது.

பெண்பிள்ளைகளின் வரிசையில் இந்தத் தொலைவுக் கணக்கு கூடுதலாக வேலைசெய்கிறது. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பெண்களே பெரும்பான்மை. ஆயினும் ஆண்பிள்ளைக்கு மொரட்டுவை என்று தயங்காமல் எழுதும் வீடு, பெண்பிள்ளைக்கு “வீட்டிலயிருந்து போய்வரலாம்தானே” என்று யாழ்ப்பாணத்தை மேலே ஏற்றுகிறது. யாழ்ப்பாணத்தை முதலாவதாகப் போடுவது நல்ல முடிவாக இருக்கலாம். அது அவளுடைய முடிவாக இருந்தாற்றான் நல்ல முடிவு. தன் பாடத்துக்கான சிறந்த ஆசிரியர் பேராதனையில் இருக்கிறார் என்று அறிந்த பெண்ணிடம் வீட்டின் பாதுகாப்பைக் காரணங்காட்டி அதை மறுப்பது, பதின்மூன்று ஆண்டுப் பாடசாலை உழைப்பின் பயனைக் கடைசி வரியில் குறைத்துக் கொடுப்பதாகும்.

அருகிலுள்ளது ஒரே இனத்தின், ஒரே மொழியின் வீடு என்ற எண்ணமும் இன்று பொருந்தாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான, பொறியியல், தொழில்நுட்ப பீடங்களில் தென்னிலங்கைச் சிங்கள மாணவர் பெருமளவில் பயில்கின்றனர். 2016 ஜூலையில் விஞ்ஞான பீட வரவேற்பு நிகழ்வில் ஏற்பட்ட மோதல் இந்தச் சேர்ந்து வாழ்தலின் கடினத்தைக் காட்டியது. அதன்பின்னும் வகுப்புகள் நடந்தன, பட்டங்கள் பெறப்பட்டன. பிற இனத்தாருடன் பழகும் அனுபவத்துக்காகத் தெற்கே போகவேண்டும் என்றிருந்த காரணம் ஓரளவு திருநெல்வேலிக்கும் கிளிநொச்சிக்கும் வந்துவிட்டது.

கொடிகாமத்திலிருந்து பார்க்கும்போது அண்மைப் புவியியல் மேலும் விரிந்திருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள். ஏ9 வழியே மேற்கே கைதடியில் சித்த மருத்துவம். மருதனார்மடத்தில் இராமநாதன் பெயரிலான நுண்கலைப் பீடம். தெற்கே 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா. தென்னையும் மாவும் பலாவும் சந்தைக்கு வரும் ஊரில், விவசாய பீடம் வெட்டுப்புள்ளிப் பட்டியலின் கீழ்ப்பகுதியில் நிற்பதால் மட்டுமே பிள்ளைகளின் மனத்திலும் கீழே நிற்கிறது. தென்னை ஆய்வோ பழப் பதனிடலோ யாருடைய நாட்டமாகவும் இருக்க முடியாதா?

7. வரிசையை எழுதுதல்

உயர்தரத்தில் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழக இடம் கிடைக்கும் நாட்டில், தெரிவைப் பற்றிப் பேசுவது வசதியானவர்களின் பேச்சு என்று ஓர் எதிர்வாதம் எழலாம். கிடைத்ததைப் பிடித்துக்கொள்வதே புத்தி என்பர். எடுபடாத மூவருக்குத் திறந்த பல்கலைக்கழகமும் கல்வியியற் கல்லூரியும் உயர்தொழில்நுட்ப நிறுவனமும் உண்டு. கட்டணம் செலுத்தும் பட்டங்களும் வெளிநாட்டு உறவினரின் துணையும் சிலருக்கு உண்டு. அவை தனிக் கட்டுரைக்குரியவை. எடுபட்ட ஒருவரைப் பொறுத்தவரை இந்த எதிர்வாதம் தலைகீழானது என்பேன். இடம் அரிதாயிருப்பதாலேயே அதை விருப்பமில்லாத ஒருவர் நிரப்புவது பெரிய இழப்பு. விருப்பமுள்ள இன்னொருவர் அந்த இடத்துக்கு வெளியே நிற்கிறார்.

என் வாதத்தின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. நாட்டத்தை அறிந்து எழுது என்று பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்வது இலகு. அந்த நாட்டம் உருவாக அவளுக்கு என்ன காட்டினோம்? ஒரு பொறியியல் ஆய்வுகூடத்தையோ ஒரு மானிடவியல் விரிவுரையையோ கண்டிராத பிள்ளை வெட்டுப்புள்ளியை நம்புவது அறியாமையல்ல. அவள் கையில் இருக்கும் ஒரே தகவல் அதுவே. ஆணைக்குழு ஆண்டுதோறும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒவ்வொரு குறியீட்டுக்கும் வெட்டுப்புள்ளியை நாலாம் தசமம் வரை வெளியிடுகிறது. அதே அட்டவணையில், அக்கற்கைநெறியில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டம் பெற்று வெளியேறினர், எத்தனை ஆண்டில் வெளியேறினர், எத்தனை நிரந்தர விரிவுரையாளர் உள்ளனர், விடுதியில் எத்தனை பேருக்கு இடம் உண்டு என்ற நாலு நிரல்களையும் சேர்த்தால் வரிசைகள் மாறத் தொடங்கும். இவை பல்கலைக்கழகங்களிடம் உள்ள தரவுகள்.

இரண்டாவது வேலை ஊருக்குரியது. திருநெல்வேலி 25 கிலோமீற்றரிலும் அறிவியல் நகர் ஐம்பதுக்குள்ளும் இருக்கும் கொடிகாமத்தில், உயர்தரப் பிரிவு தெரிவாகும் முன் ஒரு பதினோராம் வகுப்பு மாணவி இரண்டு வளாகங்களையும் நேரில் காண்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. பழைய மாணவர் சங்கங்கள் கட்டடத்துக்கும் மண்டபத்துக்கும் திரட்டும் பணத்தின் சிறுபங்கு போதும். அவள் அங்கே மண் பரிசோதனை செய்யும் கூடத்தைக் காணட்டும், நூலகத்தில் அரைமணி இருக்கட்டும், தன் ஊரிலிருந்து சென்று அங்கே படிக்கும் ஒரு அக்காவிடம் பிடிக்காததையும் சேர்த்துக் கேட்டறியட்டும். இரண்டு ஆண்டுகளின் பின் இசட் புள்ளி எதுவாயினும், முதலாவது குறியீட்டை எழுதும்போது அவளிடம் சொல்லத்தக்க காரணம் ஒன்று இருக்கும். வீட்டார் அதை எதிர்த்தால் அவர்களுடன் வாதாடவும் அவளால் முடியும்.